சத்தம் வராத உதடு

மேட்டுக்காடு, ராசிபுரம் வழி
8 செப்டம்பர் 2024

அதுக்கப்பறம் கேளு ரஞ்சிதா, நீ சொன்ன மாதிரியே வேதத்துல ஒரே ஒரு வரியை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். உக்காந்தப்ப காலைல ஆறு மணி. ஆறே காலுக்குள்ள மூணு அதிகாரம் முடிச்சுப்போட்டேன். என்ன பண்ணச் சொல்ற, கண்ணு ஓடுது, கூடவே வாயும் ஓடுது.

இரு, மொதல்ல கேக்க வேண்டியதைக் கேக்கறேன். மரியே வாழ்க. நல்லா இருக்கியா சாமி? திண்டுக்கல் தண்ணி ஒத்துக்குதா? இருமல் நின்னுச்சா? இங்க ஆண்டவர் புண்ணியத்துல எல்லாரும் சொகம். மாமாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. சீமை மாட்டுக்குச் சளி புடிச்சு நேத்துத்தான் தேவலை ஆச்சு. உங்கப்பன் போர்வெல் லாரியோட மத்தியப் பிரதேசத்துல நிக்கறான், போன் பண்ணினான், உன்னையக் கேட்டான்.

போன மாசம் மாதா நோம்பிக்கு உன்னையப் பாக்க வந்தப்ப, நாங்க ஒரு வாரத்துக்கு ஒரு வரிதான் படிக்கறோம் அத்தைன்னு சொன்னியே, அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நான் முழு வேதத்தையும் ஆறு தடவை முடிச்சவ. அதுவும் சத்தமா. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்தம் போட்டுப் படிக்காட்டி வாத்தியார் படிச்சதாவே சேத்துக்க மாட்டாரு. அந்தப் பழக்கம் எட்டாவதோட நின்னுச்சா? இந்தக் கடுதாசியைக் கூடச் சத்தமாச் சொல்லிக்கிட்டேதான் எழுதறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே உங்க மாமா, "முட்டி வலியை எழுதினயே, தைலம் தீந்து போனதையும் எழுது"ங்கறாரு. எழுதிட்டேன்.

அந்த ஒத்தை வரி வித்தையை எனக்கும் சொல்லிக் குடு. நீ மாதாவுக்கு நேந்துவிட்ட புள்ள, நீ சொன்னா எனக்குப் புரியும். பங்குக் கோயில்ல எல்லாரும் உனக்கு எப்ப வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரி ஆகறது எப்பன்னு கேக்கறாங்க. நம்ம பக்கத்துக் காட்டுக் கந்தம்மாள் கூட, அவ முருகனைக் கும்பிடறவ, "ஏனுங்க்கா, நம்ம புள்ள எப்ப அந்த வெள்ளைச் சீலை கட்டும்?"னு கேக்கறா.

ஒடம்பைப் பாத்துக்க. ராத்திரி தலைக்குத் துணி கட்டிக்க.

உன் அத்தை சலோமி


நவதுறவு இல்லம், திண்டுக்கல்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளில் எனக்கு இருமல் போய்விட்டது. அதற்கும் உங்கள் சத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. மாமாவுக்குத் தைலம் வாங்கிக் கொடுங்கள். இங்கே போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பதால் உங்களுடைய ஒன்றை நான் நான்கு முறை படிக்கிறேன்.

ஆறே காலுக்குள் மூன்று அதிகாரம் என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். எங்கள் பயிற்சித் தாய் சிரித்ததில் மோர் சிந்திவிட்டது. அவர் உங்களுக்குச் சொல்லச் சொன்ன வழி இது. வரியை மெதுவாக ஒரு முறை வாசியுங்கள். எந்தச் சொல் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். விளக்கம் தேட வேண்டாம். அந்தச் சொல் உங்களிடம் ஏதாவது கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு சும்மா இருங்கள், பேசாமல். கடைசிப் படிதான் உங்களுக்கு மலை ஏறுவது போல இருக்கும்.

உங்களுக்கு நானே ஒரு வரி தேர்ந்தெடுத்திருக்கிறேன். பிள்ளை இல்லாத அன்னா ஆலயத்தில் நின்று மன்றாடிய இடம். உதடு மட்டும் அசைகிறது, குரல் வெளியே வரவில்லை. குரு அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார். அங்கே நில்லுங்கள். சாமுவேல் பிறந்து, அவள் அவனைக் கோயிலுக்குக் கொடுப்பது வரைக்கும் ஓடிவிடாதீர்கள்.

இன்னொன்று. மே மாதம் முதல் வார்த்தைப்பாடு. அதற்கு முன், மார்ச் கடைசிக்குள், "நான் ஏன் இதைக் கேட்கிறேன்" என்று ஒவ்வொருவரும் சொந்தக் கையால் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். யாருடைய வார்த்தையையும் கடன் வாங்கக் கூடாது என்கிறார் தாய். அதனால் கேட்கிறேன். எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டபோது நீங்கள் என்னை நேர்ந்துவிட்டீர்கள் அல்லவா, அன்றைக்கு ஆண்டவரிடம் சரியாக என்ன சொன்னீர்கள்? சொல்லுக்குச் சொல் வேண்டும்.

அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்த்த உங்களுக்கு முத்தங்களுடன்,
ரஞ்சிதா


மேட்டுக்காடு
27 அக்டோபர் 2024

ரஞ்சிதா கண்ணு, உன்ற பயிற்சித் தாய்க்கு என்ற வணக்கத்தைச் சொல்லு. சொல்லிட்டு, அவிய வித்தையால என்னையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப் பாத்தாங்கன்னும் சொல்லு.

சொகமா இருக்கியா? நாங்க சொகம். மழை நல்லாப் பேஞ்சு சோளம் எந்திரிச்சு நிக்குது. இப்பக் கதையைக் கேளு.

களத்து மேட்டுல வேப்பமரத்தடியில உக்காந்து, அன்னா மாதிரியே உதட்டை மட்டும் அசைச்சுப் பாத்தேன். சத்தம் வராம அசைக்கறது லேசுன்னு நெனைக்காத. வாய் ஒரு பக்கம் இழுக்குது, மூச்சு முட்டுது. அந்நேரம் பாத்து மோர் வாங்க கந்தம்மாள் வந்துட்டா. "அக்கா"ங்கறா. நான் பேசக் கூடாதில்ல, கையை மட்டும் ஆட்டினேன். "அக்கா, என்னாச்சு?"ங்கறா. உதட்டைத்தான் அசைக்கறேன். சொம்பைக் கீழ போட்டுட்டு ஓடினா பாரு ஓட்டம். "ஏனுங்க மாமா, ஓடியாங்க, அக்காளுக்கு வாய் கோணிக்கிச்சு, பேச்சு வரமாட்டீங்குது"ன்னு கத்தினதுல ரோட்டுல போன ஆட்டோவே நின்னுருச்சு.

உங்க மாமா முட்டி வலியோட ஓடியாந்தாரு. இத்தனை வருசத்துல அவரு எனக்காக ஓடி நான் பாத்ததில்ல. ஆட்டோல ஏத்துறப்பத்தான் நான் வாயத் தொறந்தேன், "யோவ், நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்"னு. கந்தம்மாள் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "ஜெபம்னா சத்தமாப் பண்ணித் தொலைங்க அக்கா, பத்து வருசமா அதைக் கேட்டுத்தான நான் அடுப்பே பத்த வெக்கறேன்"ங்கறா.

அன்னாவைக் கோயில் குரு குடிகாரின்னாரு, என்னையக் கந்தம்மாள் வாதக்காரின்னுட்டா. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரஞ்சி, சிரிப்பு அடங்கினதுக்கப்பறம் அந்த வரி போக மாட்டீங்குது. உதடுங்கற எடத்துலயே நிக்குது.

தீவாளிக்குக் கந்தம்மாள் ஊட்டுல முறுக்குச் சுத்தக் கூப்பிட்டிருக்கறா. எள்ளடை உனக்கும் தாட்டி விடறேன், மத்த புள்ளைகளுக்கும் குடு.

அத்தை


நவதுறவு இல்லம், திண்டுக்கல்
17 நவம்பர் 2024

அன்புள்ள அத்தை,

எள்ளடை வந்தது, அன்றே தீர்ந்தது. உங்கள் வாய் கோணிய கதையை எல்லாரும் எனக்கே நடித்துக் காட்டுகிறார்கள். கந்தம்மாள் அக்காவுக்கு என் நன்றி, பதறி ஓடியதற்கு.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. மறந்திருப்பீர்கள்.

விண்ணப்பத்தை மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் முதல் வரி ஒரே மாதிரி வருகிறது: "எனக்கு மூன்று வயதாக இருந்தபோது என் அத்தை..." கிழித்துப் போட்டுவிட்டேன். அது உங்கள் வரி அத்தை, என்னுடையது இல்லை. நான் இந்த வாழ்க்கையை விரும்புகிறேனா, இல்லை, கொடுத்த பொருள் என்பதால் இங்கே இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பள்ளியில் படிக்கும்போது சினிமாவுக்குப் போனால்கூட, "மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை" என்று யாராவது சொல்வார்கள். நேர்ந்தபடி நடக்காவிட்டால் அந்தக் காய்ச்சல் மறுபடியும் வரும் என்று சின்ன வயதில் பயந்தது இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுக்காரி எழுதுகிற விஷயமா இது? சிரித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சொன்ன சொல் கையில் இருந்தால் அதை எதிரில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எழுதுங்கள்.

மாமாவின் முட்டிக்கு ஜெபிக்கும்,
ரஞ்சிதா


மேட்டுக்காடு
15 டிசம்பர் 2024

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு,

சொகம். நீயும் சொகமா இருக்கோணும். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் பார்சல்ல வருது. சிவப்பு டப்பால இருக்கறது தேங்கா பர்பி. கை வலிக்குது, அதனால நெறைய எழுதலை.

அத்தை


மேட்டுக்காடு
12 ஜனவரி 2025

ரஞ்சிதா கண்ணுக்கு மாமா எழுதுறது. இத்தனை வருசத்துல லாரி டிரிப் ஷீட்டு தவிர நான் வேற எழுதினதில்ல, அதனால தப்பு இருந்தா நீயே திருத்திக்க.

எல்லாரும் நல்லா இருக்கறோம். உங்க அத்தை கையி நல்லாத்தான் இருக்குது, மாவாட்டுது, துணி தொவைக்குது. வாய்தான் கம்மியாயிருச்சு. காலைல அந்தப் புஸ்தகத்தைத் தொறந்து ஒரே பக்கத்துல உக்காந்துக்குது. தாள் திருப்பற சத்தமே கேக்கறதில்ல. ஊடு அமைதியா இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்னு இருபத்தெட்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்பத் தூக்கம் வரமாட்டீங்குது. மாடு மட்டும் அரை லிட்டர் சேத்துக் கறக்குது.

நீங்க ரெண்டு பேரும் கடுதாசில என்ன பேசிக்கிட்டீங்களோ தெரியாது. நான் கேட்டா, "நெனச்சுக்கிட்டு இருக்கேன்"ங்குது. என்னத்தைன்னு சொல்ல மாட்டீங்குது. நீயாவது ரெண்டு வரி போடு.

மாமா சின்னப்பன்


நவதுறவு இல்லம், திண்டுக்கல்
2 பிப்ரவரி 2025

அத்தை,

பர்பிக்கு நன்றி. மாமா எழுதினார். அவர் எழுதியதை நான் சொல்லிவிட்டேன் என்று அவரைத் திட்ட வேண்டாம்.

உங்களை நெருக்கிவிட்டேனோ என்று கஷ்டமாக இருக்கிறது. அன்று சொன்னது ஞாபகம் இல்லை என்றால், "ஞாபகம் இல்லை" என்று மட்டும் எழுதுங்கள், போதும். கோபித்துக்கொள்ள மாட்டேன். விண்ணப்பத்துக்கு மார்ச் முப்பத்தொன்று கடைசி. தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. தாய் என்னை அவசரப்படுத்தவில்லை. வெள்ளைத் தாளைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன், ஆனால் உன்னை வீட்டுக்குப் பேருந்து ஏற்றிவிட்டுத்தான் வாங்கிக்கொள்வேன் என்று சிரித்தார்.

எதுவானாலும் உங்கள் பிள்ளைதான்.
ரஞ்சிதா


மேட்டுக்காடு
9 மார்ச் 2025

என்ற சாமி,

சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசிக்கிட்டு வந்த அன்னிக்கே எழுதோணும்னு உக்காந்தேன். நாலு நாள் ஆயிருச்சு. இதை வாய்க்குள்ளயேதான் சொல்லி எழுதறேன், மாமாவுக்குக் கூடக் கேக்காம. நீ சொகமா இருக்கியான்னு கேக்கறதுக்கு எனக்கு மொகம் இல்ல, ஆனாலும் கேக்கறேன்.

எனக்கு ஞாபகம் இருக்குது. ஒரு சொல்லு விடாம இருக்குது. அதுதான் வெசனம்.

நீ சொன்ன வரியில உதடுங்கற எடத்துல நின்னேன்னு எழுதினேன்ல. தெனமும் அந்தச் சத்தம் வராத உதட்டையே அசைச்சுக்கிட்டு இருந்தேன். இதுக்கு முன்னால எப்பவோ ஒரு தடவை இப்படி அசைச்சிருக்கேனேன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. எங்கன்னு தெரியல. கிறிஸ்துமஸுக்கு முன்னால ஒரு நாள், மாவாட்டிக்கிட்டு இருக்கறப்ப, எங்கன்னு தெரிஞ்சு போச்சு.

சேலத்து ஆஸ்பத்திரி. நீ கட்டில்ல கெடக்கற, காய்ச்சல் கொதிக்குது. உங்கம்மா போய் ஒரு வருசம். உங்கப்பன் லாரியில எங்கியோ. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டுக்கிட்டு பெருஞ்சத்தமா ஜெபம் பண்றேன். நர்சம்மா வந்து, "ஏம்மா, மத்த புள்ளைங்க தூங்க வேண்டாமா? ஜெபம் பண்றதுன்னா வாயை மூடிக்கிட்டுப் பண்ணு"ன்னு போட்டுது ஒரு சத்தம். அன்னிக்குத்தான் என்ற ஆயுசுலயே மொதத் தடவையா வெறும் உதட்டுல ஜெபம் பண்ணினேன்.

நான் சொன்னது இதுதான். "ஆண்டவரே, இந்தப் புள்ளையை எனக்குக் குடுத்துரு. உனக்குக் குடுக்க எங்கிட்ட நகையும் இல்ல, காடும் இல்ல. எனக்கு ரொம்பப் புடிச்சது என்ற வாய்தான். அதைத் தாரேன். ஒரு வருசத்து வெள்ளிக்கிழமை முச்சூடும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவ்வளவுதான் ரஞ்சி. உன்னையக் குடுக்கறேன்னு நான் சொல்லவே இல்ல. உன்னையக் குடுன்னுதான் கேட்டேன்.

நீ பொழச்சு வந்துட்ட. ரெண்டு வெள்ளிக்கிழமை வாய் தொறக்காம இருந்தேன். மூணாவது வெள்ளிக்கிழமை ராசிபுரத்துல இருந்து வர்றேன், இடுப்புல நீ. கண்டக்டர் நம்ம நிறுத்தத்துல நிறுத்தாமப் போறான். சைகை காட்டினா சிரிக்கறான். எனக்கு வந்துச்சு பாரு கோவம், பஸ்ஸு மொத்தமும் திரும்பிப் பாக்கற மாதிரிப் பேசிப்போட்டேன். அதோட வெள்ளிக்கிழமை போச்சு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளி, அப்படியே விட்டுட்டேன்.

உனக்குக் கோயில்ல மொத நற்கருணை, புதுநன்மை, குடுத்த அன்னிக்கு அப்ப இருந்த பங்குச் சாமியாரு எல்லாரு முன்னாலயும் கேட்டாரு, "என்ன சலோமி, சாகக் கெடந்த புள்ள இப்படி நிக்குதே, என்ன நேந்துக்கிட்ட?"ன்னு. வாயை நேந்தேன், அதைச் செய்யலைன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. அன்னா கதைதான் அன்னிக்கு வாசகம். அது காதுல இருந்துச்சு, வாயில வந்துருச்சு. "புள்ளையையே குடுத்துட்டேன் சாமி"ன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பொய் சொல்லோணும்னு சொல்லல கண்ணு. பொறவு ஊரே சொல்ல, நானும் சொல்ல, எனக்கே அதுதான் நெசம்னு ஆயிருச்சு.

நேந்தது நான், செய்யாதது நான். நீ ஒண்ணுத்துக்கும் கட்டுப்பட்டவ இல்ல. நீ திரும்பி வாரதுன்னா வா. உன்ற கட்டில் மேல கெடந்த வெங்காய மூட்டையை எடுத்து வெளிய போட்டுட்டேன். காய்ச்சல் வராது. வந்தாலும் ஊட்டுல மாத்திரை இருக்குது.

வர்ற வெள்ளிக்கிழமைல இருந்து நான் என்ற நேர்ச்சையை ஆரம்பிக்கறேன். மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டு முடிச்சுட்டு, "வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமா?"ன்னு கேட்டாரு.

மன்னிச்சுக்க சாமி.
அத்தை


நவதுறவு இல்லம், திண்டுக்கல்
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. எத்தனை ஆண்டுகள் அத்தை? ஒரு சினிமா கூட நிம்மதியாகப் பார்க்கவில்லையே நான். இதை எழுதாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டவள் ஆவேன், அதனால் எழுதுகிறேன்.

நான்காம் நாள் தாயிடம் போய், "நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். "கதவு பூட்டியா இருக்கு?" என்றார். பெட்டியை எடுத்துத் துணியெல்லாம் அடுக்கினேன். பூட்டவும் பூட்டினேன். மதியம் முழுக்க அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு பேருந்து போயிற்று, இன்னொன்று போயிற்று. பயம் எதுவும் வரவில்லை. காய்ச்சல் நினைப்பும் வரவில்லை. நான்கு மணிக்கு வாசிப்புக்கு மணி அடித்தது. எழுந்து போனேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அனுப்பவில்லை, என் கால்தான் போயிற்று. பாதி வழியில்தான் அதைக் கவனித்தேன்.

அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். ஒரே பக்கம். முதல் வரி: "யாரும் நேர்ந்துவிடாத ஒரு பெண் கேட்பது." தாய் வாசித்துவிட்டு, இது யாரிடமும் கடன் வாங்கியது போலத் தெரியவில்லை என்றார்.

மே முப்பத்தொன்றாம் தேதி வார்த்தைப்பாடு. நீங்களும் மாமாவும் கந்தம்மாள் அக்காவும் வர வேண்டும். அது சனிக்கிழமை. பார்த்துவிட்டேன்.

கட்டிலில் வெங்காய மூட்டையைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஆனால் விடுமுறைக்கு வரும்போது எடுத்துவிடுங்கள்.

கோபம் தீர்ந்த,
ரஞ்சிதா


மேட்டுக்காடு
2 மே 2025

கண்ணு ரஞ்சிதா, உன்ற கடுதாசியை மாமா பத்துத் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு. அந்தப் பொட்டி மேல உக்காந்த எடம் வந்தா மட்டும் மாட்டைப் பாக்கப் போறேன்னு எந்திரிச்சுப் போயிர்றாரு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வாராரு. மாட்டுக்கும் இவருக்கும் என்ன வெசனமோ.

சொகமா இருக்கியா? நாங்க ரொம்பச் சொகம். முட்டிக்குப் புதுத் தைலம் வந்துருச்சு.

என்ற நேர்ச்சைக் கதையைக் கேளு. ஏழு வெள்ளிக்கிழமை முடிச்சுட்டேன். மொத வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள தலைவலியே வந்துருச்சு. கந்தம்மாள் வந்து எதிர்ல உக்காந்து, ஊர் நாயம் எல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லி, பதில் சொல்ல வெக்கப் பாத்தா. "அக்கா, உங்களைப் பத்தி மேலத் தெருவுல என்ன சொன்னாங்க தெரியுமா?"ங்கறா. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில எல்லாரும் பாடறாங்க, என்ற உதடு மட்டும் அசையுது. எல்லாம் முடிஞ்சு இப்ப இருக்கற சாமியாரு வந்து, "பாட்டுல ஏதோ கொறையுதேன்னு பாத்தேன், நீங்கதானா"ன்னாரு.

ஆனா ஒண்ணு. அன்னிக்கெல்லாம் அந்த ஒத்தை வரி நல்லா உக்காந்துக்குது. வாய் மூடியிருக்கறப்பத்தான் வேதம் எங்கிட்டப் பேச வருது. இத்தனை வருசம் அதுக்கு எடமே குடுக்கல நான். ஆறு தடவை முடிச்சேன்னு சொன்னதை இனிமேச் சொல்ல மாட்டேன்.

முப்பத்தொண்ணாந் தேதிக்கு வேன் பேசியாச்சு. உங்கப்பன் லாரியை ஓரங்கட்டிட்டு வந்துருவான். கந்தம்மாள் மாம்பழக் கலர்ல சீலை எடுத்துட்டா. "கோயில்ல முட்டி போடோணுமா, நான் கை மட்டும் கும்பிட்டுக்கலாமா?"ன்னு ஒத்திகை பாக்கறா. உனக்குப் போடறதுக்கு மல்லிகை மாலை ராசிபுரத்துல சொல்லிருக்குது.

இரு, உங்க மாமா எதுக்கோ சிரிக்கறாரு. நான் சத்தமாச் சொல்லி எழுதற ஒவ்வொரு வரிக்கும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு, கடுதாசி நல்லா இருக்குதுன்னு நெனச்சேன். கேட்டா, வாயைத் தொறக்காமச் சொவத்துல இருக்கற காலண்டரைக் காட்டறாரு. வேனுக்குத் தேதி தப்பாச் சொல்லிட்டேனா? இல்லியே, முப்பத்தொண்ணுதான்.

அய்யோ சாமி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை.